நானாவா, மகளா? அமெரிக்கச் சட்டம் உறவுகளை எண்ணும் விதம்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

போன வாரம் அஸருக்குப் பிறகு பழைய மாணவன் ஒருவன் தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். ராத்தா கல்யாணம் முடித்து அமெரிக்காவில் இருக்கிறார். வயது 27, போன வருடம் அந்த நாட்டுப் பிரஜையாகிவிட்டார். இங்கே உம்மாவோடு இருப்பது இரண்டு ஆண் பிள்ளைகள். என் மாணவனுக்கு 23, அவனுடைய தம்பிக்கு 16. உம்மாவின் நானாவும் நீண்ட காலமாக அமெரிக்காவில்தான். அவரும் பிரஜை.

“தங்கச்சியையும் பிள்ளைகளையும் நான்தான் எடுப்பேன்” என்கிறார் நானா. “உம்மாவை நான் எடுக்கிறேன்” என்கிறார் மகள். நானாவுக்கு மனம் நொந்துவிட்டது. கோல் எடுப்பதும் குறைந்துவிட்டதாம்.

“சேர், யார்ட பேர்ல போட்டா நல்லம்? நானாட மனசும் நோகக் கூடாது” என்று அந்த உம்மா கேட்டார்.

நான் சட்டத்தரணி இல்லை, வரலாறு படிப்பிப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நானாவும் எடுக்க முடியாது, மகளும் எடுக்க முடியாது. 1917 இல் அமெரிக்கா ஆசியாவின் பெரும் பகுதியை வரைபடத்தில் கோடு போட்டுத் தடுத்தது. இந்தியாவும் நம் தீவும் அந்தக் கோட்டுக்குள் இருந்தன. 1924 ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக்கு நாடு கோட்டா வைத்தது. 1890 குடிசன மதிப்பீட்டில் எந்த நாட்டில் பிறந்தவர்கள் அங்கே எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம் என்பது கணக்கு. பிரித்தானியா, ஜேர்மனி போன்ற நாடுகளுக்கு வாசல் அகலமாகத் திறந்தது. ஆசியர்களுக்குப் பிரஜாவுரிமை பெறும் தகுதியே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். 1952 இல் அந்த இனத் தடை நீங்கியது. ஆனால் ஆசிய நாடுகள் பலவற்றுக்கு வருடத்துக்கு வெறும் 100 இடம்தான் கிடைத்தது.

அடுத்த மாற்றம் 1965 இல் வந்தது. அன்றைய அரசு முதலில் முன்வைத்த சட்டமூலம் திறமையும் கல்வியும் உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுத்தது. பிரதிநிதிகள் சபையின் குடிவரவு உபகுழுத் தலைவர் மைக்கேல் ஃபீகன் அதைத் தலைகீழாக்கி, குடும்ப உறவை முன்னால் கொண்டுவந்தார். கேட்க அன்பான காரியமாகத் தெரியும். ஆனால் கணக்கு வேறு. அப்போது அமெரிக்கர்களில் மிகப் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களுடைய உறவினர்களுக்கு இடம் கொடுத்தால் வருகிறவர்களும் ஐரோப்பியராகவே இருப்பார்கள், நாட்டின் நிறம் மாறாது என்று நினைத்தார்கள். ஆசியர்களுக்கு அங்கே சொந்தக்காரர் குறைவு, ஆகவே உறவு வழியாக வருவோரும் குறைவு என்று சட்டத்தை முன்னின்று நடத்திய இமானுவேல் செல்லரே வாதிட்டார்.

1965 ஒக்டோபர் 3 ஆம் திகதி சுதந்திர தேவி சிலையின் அடியில் வைத்து ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டார். கிழக்கு அரைக்கோளத்துக்கு வருடத்துக்கு 170,000 இடம். அதில் ஆகப் பெரிய பங்கு, 24 சதவீதம், பிரஜைகளின் சகோதர சகோதரிகளுக்கு. ‘சகோதர சகோதரிகள் சட்டம்’ என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது.

அவர்கள் போட்ட கணக்கு பிழைத்துவிட்டது. ஐரோப்பா செழித்தது, அங்கிருந்து வர ஆள் குறைந்தது. படிக்கவும் வேலைக்கும் போன ஆசியர்கள் பிரஜைகளாகி உம்மா வாப்பாவையும் கூடப்பிறந்தவர்களையும் கூப்பிட்டார்கள். நம்மைத் தள்ளிவைக்கப் போட்ட வாசல் வழியாகவே நம் ஆட்கள் உள்ளே போனார்கள்.

ஆனால் போனவர்கள் பெருகப் பெருக வரிசையும் நீண்டது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் உடன்பிறந்தோருக்கு வருடத்துக்கு 65,000 இடம் என்று வைத்தது. முழு உலகத்துக்கும் அவ்வளவுதான். இன்றுவரை அதே தொகை. இலங்கையருக்கு இந்த வரிசையில் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டும். மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் மக்களுக்கு இருபதையும் தாண்டும். இந்தப் பிரிவையே எடுத்துவிட வேண்டும் என்று பார்பரா ஜோர்டன் தலைமையிலான ஆணைக்குழு 1995 இல் பரிந்துரைத்தது. 2013 இல் செனட் சபை நிறைவேற்றிய சட்டமூலமும் அதையே சொன்னது, ஆனால் அது சட்டமாகவில்லை.

பிரஜைகளின் பெற்றோர் விஷயம் வேறு. 1965 சட்டம் அவர்களைக் கோட்டாவுக்கு வெளியே எடுத்துவிட்டது. மகனோ மகளோ பிரஜையாகி 21 வயதும் நிரம்பியிருந்தால், பெற்றோருக்கு வரிசையே இல்லை. ஆவணங்கள் பரிசீலிக்கப்படும் காலம் மட்டும்தான்.

சட்டம் உறவை எண்ணுவதும் நாம் எண்ணுவதும் ஒன்றல்ல. நமக்கு மாமா, சாச்சா, பெரியம்மா எல்லோரும் குடும்பம். அந்தச் சட்டத்தில் இவர்கள் யாரும் நேரடியாக ஸ்பொன்சர் செய்ய முடியாது. வாப்பா மட்டும் ஒன்றான சகோதரர் கணக்கில் வருவார். நம் மார்க்கத்தில் திருமணம் விலக்கப்படும் அளவுக்கு நெருக்கமான பால்குடிச் சகோதரர் வரமாட்டார். கிரீன் கார்ட் மட்டும் உள்ளவர் மனைவியையும் மணமாகாத பிள்ளைகளையும் கேட்கலாம். பெற்றோரையோ கூடப்பிறந்தவர்களையோ கேட்க முடியாது.

சரி, அந்த உம்மாவுக்கு வருவோம்.

நானா பெயரில் போட்டால் ஒரு நன்மை உண்டு. முறை வரும்போது மணமாகாத, 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் உம்மாவோடு சேர்ந்து போகலாம். நானா “பிள்ளைகளையும்” என்று சொன்னது இதை நினைத்துத்தான். ஆனால் முறை வரும்போது இளையவனுக்கே 21 தாண்டிப் பல வருடம் ஆகியிருக்கும். வயதைக் கணக்கிடுவதில் 2002 ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த சலுகையும் இவ்வளவு நீண்ட காத்திருப்புக்குப் போதாது. இன்னொன்றும் உண்டு. ஸ்பொன்சர் இடையில் மௌத்தானால் விண்ணப்பம் பொதுவாக ரத்தாகும். கருணை அடிப்படையில் மீட்கக் கேட்கலாம், உத்தரவாதம் இல்லை. நானாவுக்கு இப்போதே வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

மகள் பெயரில் போட்டால் உம்மா சீக்கிரம் போகலாம். ஆனால் தனியாகத்தான். பெற்றோருக்கான இந்த வழியில் கூடவே பிள்ளைகளைச் சேர்க்கச் சட்டம் இடம் தரவில்லை. உம்மா அங்கே போய்க் கிரீன் கார்ட் எடுத்த பிறகு மகன்மாருக்கு விண்ணப்பிக்க வேண்டும். இளையவன் 21க்குக் கீழ் இருக்கும்வரை அவனுடைய வரிசை குறுகியது, மூத்தவனுடையது நீண்டது. அதுவரை இருவரும் கல்யாணம் முடிக்கவும் கூடாது. முடித்தால் உம்மா போட்ட விண்ணப்பம் அத்தோடு செத்துவிடும்.

இதைச் சொன்னதும் அந்த உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப சின்னவன் ஓ.எல் எடுக்கக்குள்ள நான் இங்க இருக்க மாட்டேனா?” என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. நானா பெரிதா, மகள் பெரிதா என்று குடும்பம் பிரிந்து நிற்கிறது. உண்மையில் தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பிரிவை எத்தனை வருடம் தாங்குவது என்பதைத்தான்.

ஒருவரைத்தான் தெரிவுசெய்ய வேண்டும் என்பதும் தவறான எண்ணம். ஒருவருக்காக இரண்டு பேர் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். நானாவும் போடட்டும், மகளும் போடட்டும். மகள் தன் தம்பிமார் இருவருக்கும் உடன்பிறந்தோர் பிரிவில் இன்றே போட்டு வைக்கட்டும். அது நீண்ட வரிசைதான், ஆனால் அவர்கள் கல்யாணம் முடித்தாலும் சாகாது.

நானாவுக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஸ்பொன்சர் செய்பவர் தன் வருமானம் வறுமைக் கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாது என்று காட்டி, நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் பொறுப்பேற்க வேண்டும். மகளின் குடும்பத்துக்குச் சிறு குழந்தைகள், ஒரே சம்பளம். அது போதாவிட்டால் அங்கே வசிக்கும் வேறொருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையொப்பமிடலாம். அது நானாவாக இருக்கலாம். வந்தவர் பிரஜையாகும் வரை, அல்லது ஏறத்தாழ பத்து வருட உழைப்புக் கணக்கு நிறையும் வரை தொடரும் பொறுப்பு அது. பெயர் மகளுடையதாக இருந்தாலும் பாரம் நானாவின் தோளிலும் இருக்கும்.

“இத நானாட்ட நீங்களே சொல்லுங்க சேர்” என்றார். அன்று இரவே கோல் எடுத்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்ப நான் சைன் வைக்கிறன் சேர், புள்ளட்ட சொல்லுங்க” என்றார். அந்தக் குரலில் கோபம் இருக்கவில்லை.

உம்மா இன்னும் முடிவெடுக்கவில்லை. இளையவனின் ஓ.எல் முடியட்டும் என்கிறார். அது அவருடைய உரிமை.

இப்படியொரு தீர்மானம் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஏஜென்சிக்காரர் பேச்சை மட்டும் நம்பிக் காசு கட்டாதீர்கள். சட்டங்கள் மாறும், ஆகவே தகுதியுள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எல்லோருடைய வயதையும் எழுதுங்கள். எந்த வரிசைக்கு எத்தனை வருடம் என்று பக்கத்திலே போடுங்கள். யார் யாரை விட்டு எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்பது அப்போது தெரியும்.

அந்த உம்மாவுக்காக துஆ செய்யுங்கள்.