மண்ணெண்ணெயும் உறைபனியும்: மோட்டார் சைக்கிளின் இரு வரலாறுகள்

வடமராட்சிக் கடனீரேரி பாக்குநீரிணையோடு கலக்கும் முகத்துவாரத்தில், செல்வச்சந்நிதி முருகன் கோயிலைக் கரையில் கொண்டு அமைந்துள்ள தொண்டைமானாறு, கடல்மட்டத்தைவிட அதிகம் உயராத ஊர். மாரிமழையும் உப்புக்காற்றுமே அங்குள்ள வாகனங்களுக்கு இயற்கை தரும் தொல்லைகள். பனிமலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வரலாற்றை இவ்வூரிலிருந்து தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் எதிர்கொண்ட சிக்கலும், இமயமலையின் கணவாய்களில் ஓட்டுவோர் எதிர்கொண்ட சிக்கலும் ஒரே உறுப்பில்தான் வந்து முட்டின. எரிபொருளை நுண்துளிகளாக்கி, உள்ளிழுக்கப்படும் காற்றோடு தக்க அளவிற் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரே அவ்வுறுப்பு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின், குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம் முதலிய பல பொருட்கள் செல்வதை அரசு தடைசெய்தது. மிகுந்த விலை கொடுத்து வாங்கிய மண்ணெண்ணெயே வாகனங்களுக்கு வாய்த்த எரிபொருள். பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகக்கூடியது. மண்ணெண்ணெயோ சூடேறினாலன்றித் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கமாயிற்று. ஹொண்டா எம்.டி. 90 போன்ற சிறிய மோட்டார் சைக்கிள்களும், பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் இவ்வாறு வெண்புகை கக்கியபடி ஓடின. இம்முறையின் தத்துவம் புதியதன்று: 1917 முதல் உற்பத்தியான போர்ட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும்படியே அமைக்கப்பட்டிருந்தது. ஆனால் அது தொழிற்சாலையில் திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடு. குடாநாட்டில் அதே ஏற்பாட்டைப் பெற்றோலுக்கென்றே வடிவமைத்த எஞ்சின்களில், உதிரிப்பாகங்களும் கிடைக்காத நிலையில், கராச்சுகளில் இருந்த மெக்கானிக்குகள் செய்ய வேண்டியிருந்தது. எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்ததும், பிளக் கரிபிடித்ததும் அவர்களுடைய அன்றாடத் தலையிடிகளாயின.

குடாநாட்டில் எரிபொருள் மாறியது, காற்று மாறவில்லை. இமயமலையில் எரிபொருள் அதுவே, ஆனால் காற்று மாறிவிடுகிறது. ஐயாயிரம் மீற்றருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதன் ஏறக்குறையப் பாதியாகக் குறைவதால், சமவெளிக்கெனச் சரிசெய்யப்பட்ட காபரேற்றர் அங்கே குறைந்த ஒட்சிசனோடு மிகுந்த பெற்றோலைக் கலந்து அனுப்ப, பிளக்கிற் கரி படிந்து, எஞ்சின் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கிறது. பெற்றோல் செல்லும் துளையுள்ள சிறு பித்தளைத் திருகான ஜெற்றைக் கழற்றி, அதைவிடச் சிறிய துளையுள்ள ஒன்றைப் பொருத்துவதே இதற்குப் பழைய மருந்து. அதிகாலைக் குளிரிலோ இதற்கு நேர்மாறான தேவை எழுகிறது: பெற்றோலும் சோம்பலாகவே ஆவியாவதால், காற்றின் வழியைச் சற்றே அடைத்துக் கலவையைத் தடிப்பாக்கும் சோக் இன்றி எஞ்சின் எழும்பாது. உயரம் கலவையை மெலிதாக்கச் சொல்ல, குளிர் அதைத் தடிப்பாக்கச் சொல்லும் இந்த இழுபறிக்கு நடுவே எஞ்சின் ஒயில் தடித்து, மின்கலமும் வலுவிழந்து நிற்கும்.

இந்த மலைகளோடு நெடுங்காலம் பெயர் பிணைந்திருந்த வண்டி, விந்தையாக, ஒரு தமிழ்க் கடற்கரை ஊரில் உருவானது. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இயங்கிய ரோயல் என்பீல்ட் நிறுவனத்தின் புல்லற் மோட்டார் சைக்கிளை எல்லைக் காவலுக்கென இந்திய அரசு தெரிந்தெடுத்து, 1950களின் தொடக்கத்தில் எண்ணூறு வண்டிகளுக்குக் கட்டளை கொடுத்ததை அடுத்து, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு இணைந்து என்பீல்ட் இந்தியா தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே, தியாகராசர் கோயிலால் பெயர்பெற்ற திருவொற்றியூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. பாகங்களை ஒன்றுசேர்ப்பதோடு தொடங்கி, சில ஆண்டுகளுள் முழு வண்டியையும் அங்கேயே செய்யும் நிலையை அது எட்டியது. பிரித்தானிய நிறுவனம் 1970 அளவில் மூடப்பட்டபின்னும் திருவொற்றியூரில் உற்பத்தி தொடர்ந்தது.

அந்த 346 கன சென்ரிமீற்றர் புல்லற்றை எழுப்புவதே ஒரு தனி வித்தை. அம்மீற்றர் முள் நடுவில் வந்து நிற்கும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, சிலிண்டரிலுள்ள அழுத்தத்தை வெளியேற்றும் டிகொம்பிரசர் நெம்பை இழுத்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, பின்னரே ஓங்கி மிதிக்க வேண்டும்; முறைதவறினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். தடித்த கையுறையோடும் விறைத்த காலோடும் இதைச் செய்வது எளிதன்று. எனினும் மின்கலம் சோர்ந்தாலும் காலால் எழுப்பத்தக்கதாக இருந்ததும், சில ஸ்பனர்களைக் கொண்டே பெரும்பாலான பழுதுகளைத் திருத்தத்தக்க எளிய அமைப்பும், நகரத்தில் குறையாக எண்ணப்பட்ட பழமையை மலையில் ஒரு தகுதியாக்கின.

வண்டியின் வரலாற்றைத் தெருவின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. 1960 மே மாதம் எல்லைச் சாலைகள் அமைப்பு நிறுவப்பட்டதும், 1962இல் சீனாவோடு நிகழ்ந்த போரும் லடாக்கில் தெருக்கள் பெருகக் காரணமாயின. அவை படைகளுக்கென வெட்டப்பட்டவை. அப்போது ஏறக்குறைய 470 கிலோமீற்றர் நீளமாயிருந்த மணாலி-லே தெரு 1989இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின்னரே கோடைதோறும் புல்லற் ஓட்டிகள் கூட்டமாகப் போகும் வழக்கம் வேரூன்றியது. லேக்கு வடக்கே, நுப்ரா பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியிலுள்ள கர்துங் கணவாயின் பெயர்ப்பலகை நெடுங்காலம் 5,602 மீற்றர் என்று அறிவித்து வந்தபோதிலும், பிற்கால அளவீடுகள் அதன் உயரம் 5,359 மீற்றரே எனக் காட்டின. பலகையோடு நின்று எடுத்த படங்களின் பெருமை இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

இத்தெருக்களில் வானிலை நாளுக்கு நாளன்று, மணிக்கு மணி மாறும். காலையில் வெயிலடித்த கணவாயில் நண்பகலில், ஜூலையிலும்கூட, பனி பெய்யக்கூடும். பகல் வெயிலில் உருகும் பனி, தெருவைக் குறுக்கறுத்து ஓடும் ஓடைகளைப் பிற்பகலில் பெருகச் செய்வதால் அவற்றை விடியற்காலையில் கடப்பதே உகந்தது. அவ்வேளையிலோ இரவில் கசிந்த நீர் தாரின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனித்தகடாக உறைந்திருக்கும். அதன்மேல் முன் பிறேக்கைப் பிடித்தால் வண்டி சரியும். குளிரில் இறுகிய ரயரும் தெருவைச் சரியாகப் பற்றாது. நனைந்த கையுறையில் காற்று வேகமாக மோதுகையில் விரல்கள் விறைத்து, கிளச்சை அழுத்தும் உணர்வே அற்றுப்போகும். நுவரெலியாவில் தை, மாசி விடியல்களிற் சிலவேளை புல்லிலும் தேயிலையிலும் படியும் உறைபனியே இலங்கையர் தம் தீவில் காணக்கூடிய இதன் மிகச் சிறு மாதிரி. ஐரோப்பாவில் இதையே விரும்பித் தேடுவோரும் உளர்: 1956 முதல் ஜேர்மனியில் நடைபெறும் யானைச் சந்திப்பு, நடுக்குளிர்காலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து பனியில் கூடாரமடித்துத் தங்குவோரின் கூட்டமாகும்.

இப்பயணங்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஓட்டுநரின் துணிவையே பாடுகின்றன. அது பாதி உண்மை. சரிவில் விழுந்த பாறையையும் பனியையும் அகற்றி ஒவ்வொரு கோடையும் தெருவைத் திறப்போருள் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்திலிருந்து வரும் கூலித்தொழிலாளர் கணிசமானோர். மலையேறிய ஓட்டுநர் சில நாட்களில் இறங்கிவிட, அவர்கள் அதே மெலிந்த காற்றில் மாதக்கணக்கில் மண்வெட்டியோடு நிற்கின்றனர். மண்ணெண்ணெய்க் காலத்தில் குடாநாட்டின் போக்குவரத்தைத் தாங்கிய மெக்கானிக்குகளும் இவ்வாறே எழுதப்படாதவர்கள்.

2016இல் ரோயல் என்பீல்ட் 411 கன சென்ரிமீற்றர் எஞ்சினோடு ஹிமாலயன் என்ற வண்டியை மலைப்பாதைகளுக்கென்றே வெளியிட்டது. காபரேற்றரோடு பிறந்த அதுவும் விரைவில் மின்னணு எரிபொருள் பாய்ச்சலுக்கு மாறியது. காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் உணரிகளால் அளந்து பெற்றோலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் இம்முறை, இந்தியாவில் 2020 ஏப்ரலில் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின் ஏனைய வண்டிகளிலும் பரவ, ஜெற் மாற்றும் கைவேலைக்குத் தேவை அருகியது. அதே ஆண்டு ஒக்ரோபரில் 3,978 மீற்றர் உயரமுள்ள ரோதாங் கணவாயின் கீழே 9.02 கிலோமீற்றர் நீளமான அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மணாலியிலிருந்து லே செல்வோர் இப்போது அக்கணவாயில் ஏற வேண்டியதில்லை. பனியைப் பார்ப்பதற்காகவே ஏற விரும்புவோர் அனுமதிச் சீட்டுப் பெற்று அங்கே போகின்றனர்.