பொதியிடலில் இடர் மதிப்பீடு: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் பல குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், மிளகாய்த்தூள், ஒடியல் மா, எள்ளுருண்டை, கருவாடு என்று பொதியிட்டு விற்றே சீவிக்கின்றன. ஊர்க்கடையைத் தாண்டி சுப்பர்மார்க்கெட்டுக்கோ ஏற்றுமதியாளருக்கோ பொருளைக் கொடுக்கப் போனால் "ஹசப் திட்டம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். யாரோ தயாரித்த அட்டவணையில் பெயரை மாத்திரம் மாற்றிக் கொடுத்தால் கோப்பு நிறையும். ஆனால் ஒரு தொகுதி திரும்பி வந்தால் நட்டம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் தலையில்தான்.

ஹசப் முறை 1960களில் அமெரிக்க விண்வெளி வீரர்களின் உணவுக்காகப் பில்ஸ்பெரி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து உருவாக்கியது. அதில் அபாயம் வேறு, இடர் வேறு. உறையின் மை, அரைக்கும் இயந்திரத்திலிருந்து விழும் இரும்புத்துகள், சீல் விட்ட இடத்தால் புகும் கிருமி, எள் இருப்பதைச் சொல்லாத லேபல் ஆகியவை அபாயங்கள். அவை நிகழும் வாய்ப்பும் நிகழ்ந்தால் வரும் பாதிப்பும் சேர்ந்ததே இடர்.

பலரும் கையாள்வது புள்ளி அட்டவணை. பாதிப்புக்கு 1 முதல் 5, வாய்ப்புக்கு 1 முதல் 5 கொடுத்து இரண்டையும் பெருக்குவார்கள். சரியாகக் காயாத மீனைக் காற்றகற்றிப் பொதியிட்டு வெளியில் வைத்தால், ஒக்சிசன் இல்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமி உயிரையே எடுக்கலாம். அரிது என்று கருதினால் 5×1=5. மிக்சர் பைக்கற் அடிக்கடி நமுத்துப் போவது 1×5. அதுவும் 5தான்! ஆகவே பாதிப்பு 5 என்றால் பெருக்கல் என்ன சொன்னாலும் அந்த அபாயத்தைத் திட்டத்திலிருந்து நீக்கக்கூடாது என்று முதலிலேயே எழுதிவையுங்கள். பதிவேடு இல்லாத சிறு உற்பத்தியாளருக்கு ஐந்து படிகூட வேண்டாம். குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற மூன்று படியே நேர்மையானது.

"இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை" என்பதை வைத்து வாய்ப்பைக் கணிப்பதும் போதாது. 2005இல் இத்தாலியில் குழந்தைகளுக்கான பால் பெருமளவில் கைப்பற்றப்பட்டது. அட்டைப்பெட்டியின் வெளிப்புற அச்சு மையிலிருந்த ஐ.ரி.எக்ஸ் என்ற இரசாயனம் பாலில் கலந்திருந்தது. அச்சிட்ட தாளைச் சுருளாகச் சுற்றிவைத்தபோது வெளிப்பக்கம் உட்பக்கத்தைத் தொட்டதே காரணம். அந்த அளவு உடல்நலத்துக்குக் கவலை தருவதல்ல என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை பின்னர் கூறியது. ஆனாலும் பால் அதற்கு முன்பே சந்தையிலிருந்து போய்விட்டது. இப்படியான இடர் எவருடைய முறைப்பாட்டுக் கொப்பியிலும் இராது. உறை விற்பவரிடம், அது உணவில் படத்தக்கது என்ற எழுத்துமூல உறுதியைக் கேட்டு வாங்குவதே வழி. (பத்திரிகைத்தாளில் சுற்றும் கச்சான் சரைக்கு அப்படி எவரும் உறுதி தரமாட்டார்கள்.)

கோடெக்ஸ் வழிகாட்டியிலுள்ள தீர்மான மரத்தை இடர் மதிப்பீடு என்று நினைப்பவர்கள் உண்டு. அது அடுத்த படி. பாரதூரமானது என்று கண்ட அபாயத்தை எந்த இடத்தில் மறிப்பது என்றுதான் அது கேட்கும். பொதியை மூடிய பிறகு இரும்புத்துகளைப் பிடிக்க வேறு கட்டம் இல்லையென்றால், மூடுவதற்கு முன் காந்தம் வைக்கும் இடமே முக்கிய கட்டுப்பாட்டுப் புள்ளி.

எஃப்.எம்.ஈ.ஏ முறையில் பாதிப்பு, நிகழ்தகவு, கண்டறியும் திறன் மூன்றுக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிட்டுப் பெருக்குவார்கள். போத்தல், உறை செய்யும் தொழிற்சாலைக்கு, இயந்திரத் தரவு இருப்பதால், அது பொருந்தும். கையால் சீல் பண்ணும் வீட்டுக்கு அது வீண்பாரம். ஆனால் அதன் மூன்றாவது கேள்வியை மட்டும் கடன் வாங்கலாம்: பொருள் வெளியே போகுமுன் பிழை நமக்குத் தெரியுமா? பலவீனமான சீல் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு தொகுதியிலும் சில பைக்கற்றுகளைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. திகதி, பார்த்த எண்ணிக்கை, கசிந்த எண்ணிக்கை மூன்றையும் கொப்பியில் குறித்து வந்தால், ஆறு மாதத்தில் வாய்ப்புப் புள்ளியை அதிலிருந்தே எடுக்கலாம்.