பாம்புகளில் முட்டைத் தேக்கம்

இடும் பருவம் வந்தும் பெண் பாம்பின் வயிற்றிலேயே முட்டைகள் தங்கிவிடுவது முட்டைத் தேக்கம். ஒரு முட்டைகூட இடாத பாம்பும் உண்டு, பாதி இட்டு நின்றுவிடுவதும் உண்டு. குட்டி போடும் கண்ணாடி விரியன், மண்ணுளி போன்றவற்றுக்கும் இதையொத்த பிரசவத் தடை வரலாம்.

வீட்டில் வளரும் பாம்புகளுக்கும் இந்தச் சிக்கல் வரும். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு எதையும் புதுச்சேரியில் வீட்டில் வளர்க்க முடியாது. ஆகவே கண்ணாடித் தொட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு இனங்கள்: பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க பால் பைத்தான், அமெரிக்கச் சோளப்பாம்பு. பால் பைத்தான் வன உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளதால், 2022 சட்டத் திருத்தத்தின்படி அதைப் பதிவு செய்ய வேண்டும்.

காரணங்கள் இரு வகை. ஒன்று, வழி அடைபடுவது: அளவு மீறிய அல்லது ஒன்றோடொன்று ஒட்டிய முட்டை, சுருங்கிய முட்டைக்குழாய். மற்றது, வழி இருந்தும் தள்ள வலுவில்லாதது. நெருக்கமான தொட்டி, கொழுப்பேறிய உடல், நீரிழப்பு, தவறான வெப்பநிலை, முட்டையிட மறைவிடமின்மை ஆகியவை இதற்கு அடிப்படை. இவை வளர்ப்பவர் கையில் இருப்பவை. புதுச்சேரி கடற்கரை ஊர்தானே, ஈரப்பதத்துக்கு என்ன குறை என்று இருந்துவிடவும் கூடாது. ஏசி அறையில் காற்று உலர்ந்துவிடும்.

நாட்காட்டிதான் முதல் துப்பு. முட்டையிடுவதற்கு முந்தைய சட்டை உரிப்புக்குப் பின், பால் பைத்தான் ஏறக்குறைய ஒரு மாதத்திலும் சோளப்பாம்பு ஏறக்குறைய இரண்டு வாரத்திலும் முட்டையிடும். நாள் கடந்தாலோ, சில முட்டைகளோடு நின்று வால் பக்கம் புடைப்பு இரண்டு நாள் நீடித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

அதுவரை இளஞ்சூடு, குடிநீர், ஈரப் பாசி நிரப்பிய மூடிய பெட்டி, தனிமை போதும். வயிற்றைப் பிதுக்கக் கூடாது. முட்டை ஒட்டியிருந்தால் குழாய் கிழிந்துவிடும்.

மருத்துவர் ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுப்பார். தோல் போன்ற ஓட்டில் சுண்ணாம்பு குறைவென்பதால் எக்ஸ்ரேயில் முட்டை மங்கலாகவே தெரியும். முட்டையை வெளியே தள்ளத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசி ஆமைகளுக்கு நன்கு பலித்தாலும் பாம்புகளிடம் பலமுறை தோற்கிறது, தாமதித்தால் இன்னும் அதிகமாக. அப்போது ஊசியால் முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி எடுப்பார்கள். சுருங்கிய ஓடு ஓரிரு நாளில் வெளியேறலாம். இல்லையெனில் அறுவை சிகிச்சை. முட்டைகள் நீளவாக்கில் வரிசையாக இருப்பதால் சில சமயம் பல இடங்களில் கீற வேண்டியிருக்கும்.

புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. எந்த மருத்துவமனையானாலும், ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவர் இருக்கிறாரா என முன்பே விசாரிப்பது நல்லது. சட்டை உரித்த தேதி, இட்ட முட்டைகளின் எண்ணிக்கை, தொட்டியின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டு போனால் சிகிச்சை முடிவு எளிதாகும்.