கையிலே பிடிக்கும் கோல்

ஒரு கோலை விலைக்கு வாங்குவதற்கும் சரித்திரம் வேண்டுமோ என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். வேண்டும் என்பதே நமது கருத்து. எவர் கையில் எந்தக் கோல் இருந்தது என்று ஆராய்ந்தால், ஒரு சமூகத்தின் நிலை தானே விளங்கும்.

சிலம்பு என்னும் சொல்லுக்கு மலையென்றும் ஒலியென்றும் பொருளுண்டு. மலையில் விளைந்த மூங்கில் காற்றைக் கிழித்து ஒலிக்க ஆடும் ஆட்டம் சிலம்பம் எனப்படுதல் பொருத்தமே. பாளையக்காரர் போர் ஓய்ந்த 1801ஆம் ஆண்டு டிசம்பரில், தென்சீமை மக்கள் படைக்கலம் தாங்கலாகாதென்று சென்னை அரசாங்கம் விளம்பரம் வெளியிட்டது. வேலையும் ஈட்டியையும் விலக்கலாம். உழவனும் இடையனும் ஊன்றி நடக்கும் கோலை விலக்குதல் எளிதோ?

அவ்வுழவனின் வழிவந்தோரே பின்னர்க் கப்பலேறி மலாய் நாடு அடைந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் திரட்டுதலோ, 1938இல் இந்திய அரசாங்கம் தடைவிதிக்கும்வரை நீடித்தது. தஞ்சோங் மாலிமைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களிலும் நம்மவர் விடியுமுன் எழுந்து பால்வெட்டினர். அந்நாளில் கங்காணியர் பலர் கையில் பிரம்பிருந்தது. தொழிலாளியின் முதுகு அதனை நன்கறியும். மலாய்க்காரர் ரோத்தான் என்பது அதனையே. இந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் இன்றும் பிரம்படி உண்டு.

நிற்க. பிரம்பு அடிப்பதற்கென்றே முளைத்த கொடியன்று. இதே தஞ்சோங் மாலிமில் 1922இல் திறக்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், கூடை முடைதல் ஒரு முக்கியப் பாடமாயிருந்தது. காட்டுக்கொடி அங்கே கல்வியாயிற்று. நம்மவரோ அதனைச் சிலம்பக் கோலாக்கினர். முதுகில் விழுந்த பிரம்பு தொழிலாளியின் கையிலே சுழலலாயிற்று. இதனினும் பெரிய மாற்றம் வேறென்ன?

ஆகவே அக்கோலை அறிந்து வாங்குதல் வேண்டும். மூங்கில் இலேசானது, வீச்சுக்கு இனியது. ஆயினும் வெடித்தால் நெடுகப் பிளந்து, கூர்மையான சிம்புகளால் கையையும் கண்ணையும் கெடுக்கும். பிரம்பு உள்ளே துளையற்றது, வளைந்து கொடுக்கும், சிதைந்தாலும் நாராகவே பிரியும். எதிரெதிர் நின்று ஆடப் பழகுவோர்க்குப் பிரம்பே ஏற்றது.

கோலின் உயரம் ஆடுவோர் புருவமட்டம் இருத்தல் நலம். தந்தையின் கோலைச் சிறுவனிடம் தருவது, தந்தையின் செருப்பை அவனுக்கு மாட்டுவதை ஒக்கும். ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நெடுக நோக்கினால் கோணல் தெரியும். நடுவில் ஒரு விரலால் தாங்கினால் எடை எப்பக்கம் சாய்கிறதென்பது விளங்கும். சிறு துளையும், தட்டினால் உதிரும் மாவும் காணப்படின், பூச்சி அரித்ததென்று அறிந்து விலக்குக. பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு மயங்கற்க. வர்ணம் வெடிப்பை மறைக்கும். உலர்ந்து விறைத்த கோலை நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துதல் முன்னோர் வழக்கம்.

இவ்வளவும் பொருளைப் பற்றியது. இனி மனத்தைப் பற்றி ஒன்று கூறுவோம். சாதி பார்த்துப் பாடம் சொன்ன ஆசான்களும், பெண்ணென்று கண்டு களத்தைவிட்டு விலக்கியவர்களும் நம்மிடையே இருந்தனர். கள்ளுக்கடை வாயிலில் சண்டைக்குக் கம்பெடுத்து, கலையின் பெயரைக் கெடுத்தவரும் இருந்தனர். அடிக்கும் பிரம்பைப் பிறர் கையிலிருந்தபோது வெறுத்து, நம் கைக்கு வந்ததும் நம்மவரையே அதனால் விலக்குவோமாயின், கங்காணிக்கும் நமக்கும் பேதம் யாது?

ஆதலின் தோட்டத்து அன்பர்களே, பட்டணத்து அன்பர்களே, மகனுக்குக் கோல் வாங்கக் கடைக்குச் செல்லும்போது மகளையும் உடனழைத்துச் செல்லுங்கள். அவள் புருவமட்டத்துக்கும் ஒரு கோலை அளந்து வாங்குங்கள்.