துண்டு, தகரம், சந்தா

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் புறப்பட்டவரின் கழுத்தில் ஒரு சிறு தகரத் துண்டு கயிற்றில் தொங்கும். அதில் அவருடைய பெயர் இராது. தோட்டத்துக்குரிய அடையாளமும் எண்களும் மட்டும் குத்தப்பட்டிருக்கும். மடியில் ஒரு காசு இல்லாவிட்டாலும் அதைக் காட்டினால் முகாமில் சோறு போடுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள், ரயிலில் உட்காரவைத்து ஹட்டனிலோ நானுஓயாவிலோ இறக்கிவிடுவார்கள். 1901இல் நடைமுறைக்கு வந்த இந்தத் தகர டிக்கெட்டை, மலையகத்து மக்கள் கையில் வந்த முதல் வழித்துணை அட்டை என்றே சொல்லலாம். இன்று கினிகத்தேனை வளைவிலோ றம்பொடை ஏற்றத்திலோ வண்டி நின்றுவிட்டால் ஆள் அனுப்பி உதவும் திட்டம் ஒன்றில் வருடச் சந்தா கட்டிச் சேரலாமா, வேண்டாமா என்று வண்டிக்காரர்கள் யோசிக்கிறார்கள். கட்டும் பணம் எவ்வளவு, வண்டி பழுதாக எத்தனை வாய்ப்பு என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் தோட்டப்புறத்தின் நூற்றெண்பது வருட அனுபவம் அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளை வைக்கிறது. உதவியின் செலவு கடைசியில் யார் பேரில் எழுதப்படுகிறது? உதவி வராதபோது யாரைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது?

தகர டிக்கெட்டுக்கு முந்திய காலத்தைப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும். கோப்பிக் காலத்தில், அதாவது 1840களில், மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் வடபாதை வழியே மெதவாச்சி, தம்புள்ளை என்று காட்டுக்குள் நூறு மைலுக்கும் மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே அரிது. வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் கூடவே வந்தன. நடக்க முடியாமல் விழுந்தவரைச் சுமந்துபோகும் நிலையில் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு நகர்ந்தார்கள். அப்படிச் செத்தவர்களின் தொகை பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பாதையோரம் மனித எலும்புகள் கிடந்தன என்பதில் மட்டும் வாதம் இல்லை. அரசாங்கம் மெல்ல மெல்லக் கிணறு வெட்டியது, தங்கும் கொட்டகைகளும் நோயாளர் கொட்டில்களும் கட்டியது. ரயில் பாதை 1867இல் கண்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. நடைபாதைச் சாவு குறைந்தது. ஆனால் வழிச்செலவை யார் ஏற்பது என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு, ஊரில் ஆள் சேர்த்துக் கொண்டுவரும் கங்காணி முறையின் பதில் கடன். ஊரில் கொடுத்த முன்பணம், வழியில் தின்ற சோறு, ரயில் கட்டணம் எல்லாம் பெரிய கங்காணியின் கணக்கில் ஏறி, அங்கிருந்து தொழிலாளியின் தலையில் இறங்கின. தகர டிக்கெட் வந்த பிறகும் இது மாறவில்லை. பயணச் செலவு தோட்டத்துக்கு எழுதப்பட்டது, தோட்டம் கங்காணி பேரில் எழுதியது, கங்காணி ஆள் பேரில் எழுதினார். பசி தீர்த்த அதே தகரம் வந்து சேர்ந்தவனைக் கடனாளியாக, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் நிறுத்தியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் துண்டு வேண்டும். இந்தக் கடனைக் கொடுத்துத் தீர்த்தால் ஆளை விட்டுவிடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டத்துத் துரை அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுப்பார். கடன் குறையவில்லை, இடம் மட்டும் மாறியது. வருமுன் பெற்ற உதவிக்கு வாழ்நாள் முழுக்கச் சந்தா கட்டினார்கள் என்றால் அது மிகையில்லை.

அந்தக் கடன் ஏற்பாடு இல்லாவிட்டால் ஏழைகள் பஞ்சத்தில் செத்திருப்பார்கள், கடல் தாண்டி வந்திருக்கவே முடியாது, கடன் என்பது உதவியின் தவிர்க்க முடியாத விலை என்று வாதிடுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பயணத்தில் உயிர் காத்த பெருமையைத் தகர டிக்கெட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் கடன் தவிர்க்க முடியாதது என்ற வாதத்தை வரலாறே முறித்துப் போட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1922இல் இந்தியா குடியகல்வுச் சட்டம் கொண்டுவர, 1923இல் இலங்கையில் குடிவரவு நிதி ஒன்று சட்டப்படி நிறுவப்பட்டது. தோட்ட முதலாளிமார் எல்லாரும் அதற்குப் பணம் கட்டினார்கள். ஆள் சேர்க்கும் செலவும் வழிச்செலவும் அந்தப் பொது நிதியிலிருந்து போயின. தொழிலாளியிடம் திருப்பிக் கேட்கக் கூடாது என்று விதியாயிற்று. பாதை பழையதுதான், மண்டபம் முகாமும் பழையதுதான், சோறும் ரயிலும் முன்போலவே கிடைத்தன. கடன் மட்டும் இல்லை. நிதிக்குக் கட்டிய பணத்தைத் துரைமார் குறைந்த கூலியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவு உண்மை. ஆனாலும் கூலி குறைவு என்று பேசிப் போராட முடியும். தலையில் கடன் இருப்பவனால் தோட்டத்தை விட்டு நகரவே முடியாது.

நிதி தீர்த்துவைத்தது முதல் கேள்வியை மட்டும். தோட்டமே வேலை நீக்கும் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, குடியிருக்கும் லயத்தை விட்டுப் போ என்று சொன்னால் யாரைக் கூப்பிடுவது? முதலாளிமாரின் நிதியைக் கூப்பிட முடியாது. கங்காணி தோட்டத்தின் ஆள். இந்த இடத்தில்தான் தொழிற்சங்கச் சந்தா வருகிறது. கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் மனைவி மீனாட்சி அம்மையும் பாட்டுக் கட்டிப் பாடி ஆள் சேர்த்தார்கள். வெளியார் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அதே வருடம்தான் தொழிற்சங்கத்தோடு பேசித் தீர்ப்பதை ஏற்கும் ஏழு அம்ச உடன்பாட்டுக்குத் தோட்ட முதலாளிமார் சங்கம் இறங்கிவந்தது.

சந்தாவின் மதிப்பில் ஐயம் கொள்வோர் சொல்லும் மிகப் பலமான காரணம் 1948. குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது, மறு வருடம் வாக்கும் போனது. கட்டிய சந்தா எதையும் தடுக்கவில்லை. 1952இல் நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை அசைக்கவில்லை. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தபோது அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் மறுக்க வழியில்லை. சங்கம் அரசியல் பேரிடரைத் தடுக்கும் கருவியாக இருக்கவில்லை. ஆனால் வேறொன்றைச் செய்தது. 1957இல் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தைத் திருத்தித் தொழில் நியாய சபைகளை அமைத்தார்கள். வேலை நீக்கப்பட்டவர் தாமே அங்கே முறையிடலாம், அல்லது அவர் உறுப்பினராக உள்ள சங்கம் அவருக்காக முறையிடலாம். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத மனிதருக்கு, சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தில் பெயர் இருந்ததால் ஒரு சபையில் நிற்க இடம் கிடைத்தது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத கொழுந்துக்காரி ஒருத்திக்குத் தனியாக முறையிடும் உரிமை காகிதத்தில் இருந்து என்ன பயன்? மனு எழுத ஒருவர், தவணைக்குத் தவணை கூட வர ஒருவர் வேண்டுமே. சம்பள உயர்வு சங்கத்தில் சேராதவருக்கும் வந்துவிடுகிறது, பிறகு ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். சம்பளம் எல்லாருக்கும் பொது. பற்றுச்சீட்டு ஒருவர் கைக்குத்தான் வரும்.

சங்கங்கள் கெட்ட இடம் வேறு. சந்தாவை நிர்வாகமே சம்பளப் பதிவேடான செக்ரோலில் பிடித்து மாதாமாதம் சங்கத்துக்கு அனுப்பும் பழக்கம் வேரூன்றிய பிறகு, பிரதிநிதி லயத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டிய அவசியம் குறைந்தது. கட்டுபவர் கையால் கொடுக்காத பணத்துக்கு அவரிடம் கணக்குச் சொல்லத் தோன்றாது. எந்த நிர்வாகத்தோடு மோத வேண்டுமோ அதே நிர்வாகத்தின் கணக்கப்பிள்ளை சங்கத்தின் காசைப் பிடித்துக் கொடுப்பது, பழைய கங்காணிக் கணக்கின் சாயலை மறுபடி கொண்டுவந்தது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கியதும் தோட்டக் கம்பனிகள் சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகி, சந்தாப் பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. சங்கத்தை முடக்கத்தான் செய்தார்கள். சங்கங்களுக்கு அது பெரிய அடி. கட்டுபவருக்கோ கொடுக்காமல் இருக்கும் உரிமை திரும்ப வந்தது. அந்த உரிமை இருக்கும்போதுதான் கேட்டால் ஆள் வருவார் என்பது என் எண்ணம்.

ஆகவே சந்தா கட்டலாமா என்று ஒரு தோட்டத்தில் யோசிப்பவர், போன வருடம் எனக்கு என்ன கிடைத்தது என்று தேட வேண்டியதில்லை. பக்கத்து லயத்தில் வேலை போனவருக்கு யார் மனு எழுதினார், யார் கூடப் போனார் என்று விசாரிக்கலாம். வேலை நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அந்த மனு தொழில் நியாய சபைக்குப் போய்ச் சேர வேண்டும்.