நாற்பது விழுக்காடு ஆர்கன்

'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' இங்கிலாந்தின் புரோக்கோல் ஹாரம் குழுவுடைய முதல் இசைத்தட்டு. 1967 மே 12 அன்று டெராம் நிறுவனம் வெளியிட்டது. ஒரே மாதத்தில் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி, ஆறு வாரம் அங்கேயே நின்றது. அமெரிக்காவில் ஐந்தாம் இடம். உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. இத்தனைக்கும் குழுவே முழுதாக அமையவில்லை. பதிவுக்கு டிரம்ஸ் வாசித்தவர் கூலிக்கு வந்த கலைஞர்.

பாடலாசிரியர் கீத் ரீட், எந்தக் கருவியும் வாசிக்காத குழு உறுப்பினர். ஒரு விருந்தில் யாரோ ஒரு பெண்ணிடம் அவள் முகம் வெளிறியதைச் சொன்னது அவர் காதில் விழுந்தது, அதுவே தலைப்பானது. எழுதியது நான்கு சரணம், பதிவானது இரண்டு. சைக்கடெலிக் ராக்கின் கனவு மயக்கத்தில் எழுந்த வரிகள் அவை. பொருள் தேடியவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மெட்டமைத்து, பியானோ வாசித்துப் பாடியவர் கேரி புரூக்கர். படிப்படியாக இறங்கும் அதன் அடிச்சுரங்களில் ஜெர்மானிய மேதை பாக்கின் 'ஏர்' சாயல் உண்டு.

ஆனால் பாட்டை நினைத்ததும் காதில் ஒலிப்பது மெட்டு அல்ல, தேவாலய வாசனையோடு தொடங்கும் ஹாமண்ட் ஆர்கன் முன்னிசை. அதை உருவாக்கி வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரிப் பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என்று சிற்பிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஃபிஷருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இசைத்தட்டில் பாட்டை ஆக்கியவர்களாக அச்சானவை புரூக்கர், ரீட் என்ற இரண்டு பெயர்களே.

செவ்வியல் இசையும் ராக்கும் கலந்த புரோகிரசிவ் ராக்குக்கு இந்தப் பாட்டு வழி திறந்தது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இதை மறுபடி பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். 1977இல், கடந்த 25 ஆண்டுகளின் சிறந்த பிரிட்டிஷ் தனிப்பாடல் விருதைக் குயின் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி'யோடு பகிர்ந்துகொண்டது. பாக்கையும் தியாகராஜரையும் ஒருசேர வணங்கிய இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. அந்தச் சுவை அறிந்த தமிழ்க் காதுக்கு இந்த ஆர்கன் அந்நியமாகத் தோன்றாது.

1969இல் குழுவை விட்டு விலகிய ஃபிஷர், 2005இல் வழக்குத் தொடர்ந்தார். 2006 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அவரை இணை இசையமைப்பாளராக ஏற்று, இசைப் பதிப்புரிமையில் 40 விழுக்காடு அளித்தது. 38 ஆண்டுகள் வாளாவிருந்தவருக்குப் பணம் கிடையாது என்றது 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2009 ஜூலை 30 அன்று பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை மாற்றினர்: தாமதம் உரிமையை அழிக்காது. நியாயமான தீர்ப்பு, முன்னிசையை எடுத்துவிட்டால் இது பாதிப் பாட்டுதான்.

புரூக்கர் 2022இலும் ரீட் 2023இலும் மறைந்தனர். இரண்டு பெயரோடு வெளிவந்த பாட்டுக்கு இப்போது பெயர்கள் மூன்று.