ஓரணுத் தோல் போர்த்த முரசு

நரம்பை இறுக்கினாற் சுருதி உயரும், நீட்டினால் தாழும், பருத்த நரம்பினும் மெல்லிய நரம்பு உயர்ந்த சுருதி தரும். இசைவாணர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த இவ்வுண்மையைக் கணித விதியாக 1636ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பிரான்சு நாட்டுத் துறவியாகிய மெர்சென் ஆவார். அதனினும் மெல்லியது இல்லை என்னும்படியான பொருள் எங்ஙனம் அதிரும் என்பதைச் சோதித்தறிய ஏறத்தாழ 370 ஆண்டுகள் சென்றன.

2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் கைம், நொவோசெலொவ் ஆகியோர் காரீயத்தை ஒட்டுநாடாவால் உரித்துரித்து, ஓரணுத் தடிப்பேயுள்ள காபன் தாளைப் பிரித்தெடுத்தனர். அதுவே கிராபீன். 2007இல் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பஞ்ச், மக்யூவன் முதலானோர் அதனை அதிரச் செய்தனர். சிலிக்கன் தகட்டின் மேலுள்ள ஒட்சைட்டுப் படையில் நுண்ணிய அகழிகளை வெட்டி, அவற்றின் குறுக்கே கிராபீனைப் படியவிட்டனர். பசை வேண்டப்படவில்லை; மூலக்கூறுகளிடை இயல்பாயுள்ள கவர்ச்சியே தாளை விளிம்போடு பற்றிக்கொண்டது.

ஆக்குதலினும் அளத்தல் அரிதாயிற்று. காற்று அதிர்வைத் தணிக்குமாதலின் வெற்றிடத்திலேயே சோதனை நிகழ்ந்தது. செறிவு மாறும் லேசர்க் கதிரொன்று தாளைச் சூடாக்கியும் ஆறவிட்டும் அதிர்வித்தது. மற்றொரு கதிர் தாளிலும் அதன் கீழுள்ள சிலிக்கனிலும் பட்டுத் தெறித்தது. தாள் அசையுந்தோறும் தெறித்த ஒளி கூடிக் குறைந்தது. அவ்வொளியிலிருந்து கணித்த மீடிறன்கள் செக்கனுக்கு 1 முதல் 170 மில்லியன் வரை அமைந்தன.

எனினும் குறையொன்று நின்றது. முரசின் தோலை வாரால் இறுக்குவோன் உண்டு. இத்தாளின் இழுவையோ ஆக்கும்போது தற்செயலாய் அமைந்தது. ஆதலால் ஒன்றுபோல் மற்றொன்று அதிரவில்லை. அதிர்வு எத்துணை நீடிக்கும் என்பதைக் காட்டும் பண்புக் காரணியும் 20 முதல் 850 வரையே இருந்தது.

2009இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சென், ஹோன் முதலானோர் அதிர்வை மின்னால் அறிந்தனர். கீழிருந்து கொடுத்த மின்னழுத்தம் யாழின் முறுக்காணிபோல் தாளை இறுக்கிற்று. அழுத்தத்தோடு மீடிறன் மாறிய வகையைக் கொண்டு இழுவையையும் திணிவையும் வெவ்வேறாகக் கணித்தனர். அத்திணிவிலே கிராபீனோடு அதன்மேல் ஒட்டிய மாசும் அடங்கியிருந்தது. தனிப்பூச்சியத்துக்கு 5 பாகை மேலான குளிரிற் பண்புக் காரணி ஏறத்தாழ 10,000 ஆயிற்று.

மென்மையே இக்கருவியின் ஆற்றல்; மென்மையே அதன் இடர். மிகச் சிறு திணிவையும் உணரவல்ல தாள், தன்மேற் படிந்த மாசையும் மறையாது உணர்த்துகின்றது. ஆதலின் இத்துறையின் வரலாறு நுண்பொருளை ஆக்கிய வரலாறு மாத்திரமன்று. பொருளின் ஒலியையும் மாசின் ஒலியையும் பிரித்தறியக் கற்ற வரலாறுமாகும்.